மாடுகளுக்காக அடித்த பறை

வெள்ளம் வந்த அன்று எங்கள் மூன்று மாடுகளையும் நான் அவிழ்த்துவிடவில்லை. தண்ணீர் வடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்றும் கட்டிய கயிற்றோடு செத்துப்போயின.

எங்கள் ஊர் விசுவமடுவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்பது குடும்பங்கள் அடைபட்டுக் கிடந்தோம். நாலு பக்கமும் தண்ணீர். என் மனைவி சாப்பிடவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய முருகையா, தன்னோடு கொண்டுவந்த பறையைக் கஞ்சி அடுப்பில் சூடுகாட்டித் தோலை இறுக்கி அடிக்கத் தொடங்கினார். எங்கள் ஆட்களுக்குப் பறை என்றால் செத்தவீடுதான். பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தேன்.

"இஞ்ச ஆர் செத்தது? நிப்பாட்டு!"

"கோவப்படாதீங்கண்ணே. நாங்க கல்யாணத்துக்கும் இதைத்தான் அடிப்போம். புள்ளைங்க பயந்துபோய்க் கெடக்குதுங்க."

பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"அவரை விடுங்கோ. எங்கட மாடுகள் செத்ததுதானே. அதுகளுக்கு ஆர் அழுதது?"

கையை விட்டேன். முருகையா அடியை மெதுவாக்கினார். மனைவி மாடுகளைப் பேர் சொல்லி அழுதாள். பக்கத்துப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு தங்கள் இழப்புகளைச் சொல்லி அழுதார்கள். அவர்கள் அழுது களைத்த பிறகு முருகையா கல்யாண அடிக்கு மாறினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மனைவி கஞ்சி வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"ஏனப்பா அவிழ்த்துவிடேல்லை?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

"என்ர பிழைதான்," என்றேன்.

அவள் பாதிக் கஞ்சியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் தந்தாள்.

அன்று பறையை நிறுத்தியிருந்தால், அவள் கேட்டிருக்கமாட்டாள். நானும் சொல்லியிருக்கமாட்டேன்.