பாஸ்காரர் ஏறும் எருமை

இரண்டு முறை விசில் ஊதினால்தான் எருமை நகரும். முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்து கண்டக்டர் ஊதுவார். அது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தெருவில் இறங்கும். அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. வண்டி மட்டும்தான் மாறியிருக்கிறது.

குளக்கரையில் ஒரு நிறுத்தம். பயணிகள் காத்திருப்பார்கள். நான்கைந்து கொக்குகள் காலடியிலேயே நடந்துவரும். குளம்பு பட்டுக் கிளம்பும் வெட்டுக்கிளியெல்லாம் அவற்றின் பங்கு. “படியில தொங்காதீங்கப்பா, மிதிபட்டா நான் பொறுப்பில்ல” என்பார். சரியாக ஐந்து நிமிடம். அதற்குமேல் யாருக்காகவும் அவர் வண்டி நின்றதில்லை. மனைவிக்காகவும் நின்றதில்லை என்பது மனைவியின் வாக்குமூலம்.

இடது காலில் ஒரு விரல் இல்லாத காக்கைக்கு இலவசப் பயணம்; அதனால் பெயர் பாஸ்காரர். உண்ணி பொறுக்குவது அவர் தொழில். அவர் கொம்பில் வந்து இறங்கியதும் எருமை தலையைச் சாய்த்துக் காதைக் கொடுக்கும். கண்ணோரம் அலகு போனாலும் இமைக்காது. மேடை இல்லை, கைகுலுக்கல் இல்லை, ஏழு வருடம் உடையாத கூட்டணி. கட்சிக்காரர்கள் பார்த்தால் வெட்கப்படுவார்கள் என்று சொல்ல ஆசைதான். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

போன மாதம் வேலிக்கம்பி எருமையின் முதுகைக் கீறிவிட்டது. பத்தே நாளில் கீறல் உள்ளங்கை அகலப் புண்ணாயிற்று. பாஸ்காரர் அங்கேயே குடியிருந்தார். “பாத்தியா, புண்ணைச் சுத்தம் பண்றாரு” என்று கண்டக்டர் மனைவியிடம் பூரித்துப்போனார்.

மாட்டு டாக்டரிடமும் அதையே சொன்னார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“சுத்தமா? சதையைப் பிச்சுத் தின்னுக்கிட்டிருக்கு சார். இன்னும் ஒரு வாரம் கொத்துச்சுன்னா சீழ் எலும்புக்கு எறங்கிடும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல.”

“வலிச்சா உதறியிருக்குமே டாக்டர்?”

“உண்ணி எடுக்கத்தான் உட்கார்ந்திருக்குன்னு நம்பி நிக்குது. உங்கள மாதிரியேதான்.”

களிம்பைக் கொடுத்துவிட்டு அவர் போனதும் மனைவி ஆரம்பித்தாள். “ஒரு காக்காயை அடிச்சு வேலியில தொங்கவிடுங்க. எதுவும் கிட்ட வராது.”

“முப்பது வருஷத்துல டிக்கெட் எடுக்காதவனைக்கூட நான் நடுவழியில எறக்கிவிட்டதில்ல.”

“அவங்க யாரும் பஸ்ஸைத் தின்னலைங்க.”

மறுநாள் கண்டக்டர் கையில் கம்போடு போனார். பாஸ்காரர் வந்தார்; இவர் கம்பை ஓங்கினார்; அவர் பறந்துபோய்க் கம்பத்தில் உட்கார்ந்துகொண்டார். எருமைக்கு இதெல்லாம் விளங்கவில்லை. அது தலையைச் சாய்த்து, காதை நீட்டியபடி நின்றது. வீடு திரும்பும்வரை அந்தக் காதை அது மடக்கவே இல்லை.

அடுத்த காலை அவர் பீரோவைத் திறந்து, இஸ்திரி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த காக்கிச் சட்டையை எடுத்தார். புண்ணில் களிம்பைப் பூசி, மேலே சட்டையை விரித்தார். சட்டைக்கைகளைக் கொண்டு எருமை வயிற்றைச் சுற்ற முடியுமா? பழைய போர்வையைக் கிழித்து, முடிச்சுப் போட்டு நீட்டிக் கொடுத்தது மனைவிதான். “இறுக்கிக் கட்டுங்க. உங்க சட்டைப் பித்தான் சும்மாவே நிக்காது.”

குளக்கரையில் பாஸ்காரர் நேராகக் காக்கிமேல் வந்து இறங்கினார். ஒரு பித்தானைக் கொத்தினார். ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கண்டக்டரின் கம்பு உயர்ந்து நின்றது. துணி அசையவில்லை. எருமை தலையைச் சாய்த்தது. பாஸ்காரர் சற்றே யோசித்து, கழுத்துவழியாகத் தத்தித் தத்திப் போய்க் காதுக்குள் அலகை விட்டார்.

ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது. பழக்கத்தில் விசில் உதட்டுக்குப் போயிருந்தது. கண்டக்டர் அதை ஊதாமல் எடுத்து, வேட்டி முனையில் துடைத்து, மடியில் செருகிக்கொண்டார்.