நேர்ந்துவிட்ட வல்லூறு

கல்யாண வீட்டில் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் காலைப் பார்ப்பேன். கொலுசு இறுக்கமாகக் கிடக்கிறதா, தளர்வாகக் கிடக்கிறதா என்று. இந்தக் கெட்ட பழக்கத்துக்கு ஒரு வல்லூறுக் குஞ்சுதான் காரணம்.

கொடைக்கானல் பக்கத்துப் பாறைகளில் அருகிப்போயிருந்த வல்லூறுகள் இப்போது மெல்லத் திரும்பி வருகின்றன. பொரித்தவை பிழைக்கின்றனவா, எங்கே போய்க் குடியேறுகின்றன என்று அறிய, வனத்துறை அனுமதியோடு குஞ்சுகளின் காலில் எண் போட்ட வளையம் மாட்டுகிறோம். என் கூட்டாளி கயிற்றில் தொங்கியபடி குஞ்சைப் பையில் வைத்துக் கீழே அனுப்புவான். அளந்து மாட்டுவது என் சோலி. பெண் பெரியது, கால் தடிமன், அதனால் பெரிய வளையம். ஆணுக்குச் சின்னது. சின்னதைப் பெண்ணுக்கு மாட்டினால் கால் வளர வளர இறுக்கும், வீங்கும். அப்புறம் இரை பிடிக்க முடியாது; பட்டினிதான்.

அந்தக் குஞ்சு இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கடைசியாகப் பொரித்த பெண்ணாக இருக்கும், இன்னும் வளரும் என்றான் அவன். ஆண் என்றேன் நான். எனக்கும் அவனுக்கும் அன்று காலையிலிருந்தே வாக்குவாதம், இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று தொடங்கியது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்று, பதினேழாம் எண் சின்ன வளையத்தை மாட்டி மேலே அனுப்பிவிட்டேன். சாயங்காலம் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் கால் தடிமனாகத் தெரிந்தது. மறுநாளே போய்க் கழற்றியிருக்கலாம். ஒரு வாரம் விடாமல் மழை. அதற்குப் பிறகு ஆளைக் கண்டால் குஞ்சு மிரண்டு பாறையிலிருந்து குதித்துவிடும் என்பதால் கிட்டே போக முடியவில்லை.

இரண்டு வருஷம் கண்ணில் பட்ட வல்லூறு ஒவ்வொன்றின் காலையும் பார்த்தேன். பதினேழு வரவேயில்லை. கூட்டாளி ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

போன மார்ச்சில் பள்ளங்கி கிராமத்துக்குப் போயிருந்தோம். பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், வளையம் போட்ட வல்லூறு எதையாவது பார்த்தீர்களா என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"வருதே. கால்ல காப்பு கெடக்கு. வெள்ளனே வந்து எங்க புறாவத் தூக்கிட்டுப் போகுது."

விரட்டவில்லையா என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் யார் களத்தில் மேய்ந்தாலும் அவர்கள் ஊரில் கல்லெடுக்க மாட்டார்கள். காலில் காப்புக் கட்டி யாரோ நேர்ந்துவிட்ட பறவை, அதில் கைவைக்கலாமா என்றார். வீட்டுக்காரர் கல்லடிக்கக் கவட்டையை எடுத்தாராம், இவர்தான் பிடுங்கி வைத்தாராம்.

தோட்டத்துக்கு மேலே ஒரு பட்ட மரம். டெலஸ்கோப்பை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மூன்றாவது டீ வருவதற்குள் அது வந்து உட்கார்ந்தது. சிவப்பு வளையம், பதினேழு. ஒரு காலைத் தூக்கிக் கன்னத்தைச் சொறிந்தது. வளையம் சறுக்கிக் கீழே இறங்கியது. வீக்கம் இல்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வல்லூறு பக்கத்தில் வந்து அமர்ந்தது, இதைவிட நன்றாகப் பெரியது. அதன் ஜோடி, பெண்.

கூட்டாளி டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூணு காலுதான்," என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"நீங்கதான் கட்டிவிட்டீங்களாம்மா?"

இது வெறும் எண், கணக்கெடுப்புக்கு என்று சொன்னால் நாளைக்கே கவட்டை வெளியே வரும். பொய் சொல்லவும் எனக்கு வராது.

"ஆமாக்கா."

"என்ன வேண்டுதலு?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அது பொழைச்சுக் கெடக்கணும்னுதான்க்கா."

அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெறகென்ன, நெறவேறிருச்சுல்ல," என்று அரிவாளை எடுத்தார். "அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லி வையுங்க. எங்க வெள்ளப் புறாவ மட்டும் விட்டுறட்டும்."