ஆலங்காயத்துல வாங்கின மோட்டார் சைக்கிள்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே எழுந்து போற ஆளு நான். சுடுகாட்டு ஓரத்துல மாட்டை அவுத்துக் கட்டிட்டு வண்டியில மரப்பட்டை மூட்டை மேலயே குறட்டை விட்டுத் தூங்கினவன், என் கூட வேலை பார்த்தவங்களை வேணும்னா கேட்டுப் பாருங்க. அதனால இதை நீங்க நம்பலைன்னா எனக்குக் கோவம் வராது, உங்க இடத்துல இருந்தா நானும் சிரிச்சுட்டுதான் போயிருப்பேன். ஆனா நடந்தது நடந்ததுதான். அதுவும் ராத்திரி இல்ல, பட்டப்பகல், சித்திரை வெயில்.

அப்போ வெள்ளக்காரன் காலம். ஆம்பூர்ல ஒரு டேனரிக்கு நான் ஆவாரம்பட்டை வாங்கிக் குடுத்துட்டு இருந்தேன். தோல் பதம் பண்ண அந்தப் பட்டை வேணும், அது ஆலங்காயம் பக்கம் மலையடிவாரத்து ஊருங்கள்ல கிடைக்கும், சைக்கிள்ல ஊர் ஊரா போய் பேசி மாட்டு வண்டியில ஏத்தி அனுப்பணும். வீடு ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவுல ரோட்டோரத்துல ஒரு சின்ன ஊரு. என் சம்சாரம் ராஜம்மாவுக்கு முதல் பிரசவ வலி எடுத்தப்போ நான் மலையடிவாரத்துல இருந்தேன். தகவல் வந்து, சைக்கிளை மிதி மிதின்னு மிதிச்சு, வாணியம்பாடி நர்ஸம்மாவை ஜட்கா குதிரை வண்டியில ஏத்திட்டு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ஆம்பளப் புள்ள. துணியில சுத்தி வெச்சிருந்தாங்க. ராஜம்மா என்னைத் திட்டல, அழக்கூட இல்ல, "லேட்டாயிடுச்சுல்ல?"ன்னு மட்டும் கேட்டா. அதுக்குப் பதிலா அவ என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

ரெண்டாவது தடவை அவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், எப்படியாவது ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிடணும். புதுசு வாங்கறதெல்லாம் நம்மால ஆகற காரியமா, பழசுதான். டேனரி லாரி டிரைவர்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டு, தேட ஆரம்பிச்சேன். ராணிப்பேட்டையில ஒண்ணு பார்த்தேன், நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணினாங்க, வாசல் தாண்டறதுக்குள்ள நின்னுடுச்சு. வேலூர்ல ஒரு துரை வீட்டு பட்லர் ரொம்ப நல்ல வண்டி காட்டினான், கடைசியில பார்த்தா துரைக்கே தெரியாம விக்கறான், நான் ஓடி வந்துட்டேன். திருப்பத்தூர்ல பேசி முடிச்சு மறுநாள் போனா வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இப்படியே அஞ்சு மாசம் போய்டுச்சு. அப்புறம்தான் ஒரு வண்டிக்காரர் சொன்னாரு, ஆலங்காயத்துல காதர் பாய்னு ஒரு மர வியாபாரி, கண்ணு மங்கிப் போச்சு, அவர் பட்பட்டி மோட்டார் சைக்கிளை விக்கறாராம்னு.

மறுநாளே போனேன். பாய் நல்ல மனுஷன், டீ குடுத்தாரு, வண்டியைப் பத்தி ஒரு பொய்கூட சொல்லல. "பிரேக் கம்மி, சத்தம் ஜாஸ்தி, மத்தபடி இது என்னை நடுரோட்டுல விட்டதில்ல"ன்னாரு. ஓட்டிப் பார்த்தேன், பிடிச்சிருந்தது, விலையும் பேசி முடிச்சோம். வண்டியை குடோன்ல நிறுத்திட்டு வந்தேன். பாய் எழுத பேப்பர் எடுத்துட்டு வரேன்னு வீட்டுக்குள்ள போனாரு. அந்த நேரத்துல டயரை இன்னொரு தடவை பார்த்துடலாமேன்னு நான் குடோனுக்குள்ள திரும்பப் போனேன். அதுதான் நான் பண்ணின தப்பு.

உள்ளே குனிஞ்சு பார்த்துட்டு இருக்கேன், பின்னால கதவு சாத்திக்கிச்சு. காத்துதான்னு நினைச்சேன். எழுந்து தள்ளினேன், வரல. இழுத்தேன், வரல. சுவத்தைத் தள்ற மாதிரியே இருந்தது. சரி, யாரோ தெரியாம தாழ்ப்பா போட்டுட்டாங்கன்னு கத்தினேன். ஜன்னல்ல கம்பி, அது வழியா வீட்டு முற்றம் முழுக்கத் தெரியும். பாய் வீட்டு வேலைக்காரம்மா முனியம்மா, அஞ்சாறு அடி தூரத்துல உக்காந்து புளி கொட்டை எடுத்துட்டு இருக்கு. "முனியம்மா, கதவைத் திற!"ன்னு கத்தறேன், தலையைக் கூடத் தூக்கல. செவுடான்னா அதுவும் இல்ல, பாய் உள்ள இருந்து மெதுவா கூப்பிட்டதுக்கு "இதோ வர்றேங்க"ன்னு பதில் சொல்லுது. கீழே கிடந்த பட்டைத் துண்டு ஒண்ணை கம்பி வழியா வீசினேன், அது மடியிலயே விழுந்தது. எடுத்துப் பார்த்துட்டு மேலே அண்ணாந்து பார்த்து, "சனியன் புடிச்ச காக்கா"ன்னு திட்டிட்டு தூக்கிப் போட்டுது.

நான் ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்.

பாய் பேப்பரோட வெளியே வந்தாரு. தூண் பக்கத்துல உக்காந்தாரு. எதிர்ல யாரோ உக்காந்திருக்காங்க, தூண் மறைக்குது, எனக்குத் தெரியல. பாய் சிரிச்சுப் பேசறாரு. பேப்பரை நீட்டறாரு. தூணுக்குப் பின்னால இருந்து ஒரு கை வந்து பேனாவை வாங்கிச்சு. நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க, அது என் கை. கட்டை விரல்ல அருவாள் வெட்டின தழும்போட என் கை. அது கையெழுத்துப் போடறதை நான் கம்பியைப் பிடிச்சுட்டுப் பார்த்துட்டு நிக்கறேன், என் ரெண்டு கையும் கம்பி மேல இருக்கு.

அப்புறம் பாய் எழுந்து, "பத்திரமா போங்க"ன்னு கை காட்டினாரு. வெளியே மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகற சத்தம், தடதடதடன்னு வாசல் தாண்டி, ரோட்டுல ஏறி, வாணியம்பாடி பக்கமா போய்டுச்சு. நான் திரும்பிப் பார்க்கறேன். வண்டி எனக்குப் பின்னாலயே நிக்குது, ஸ்டாண்டு போட்டது போட்டபடி. இடுப்புல கை வெச்சுப் பார்த்தேன், பணப் பையைக் காணோம்.

எவ்ளோ நேரம் கத்தினேன்னு தெரியல. தொண்டை கட்டிப் போச்சு. கதவுல தோளை இடிச்சு இடிச்சு தோளு வீங்கிப் போச்சு, வெளியே ஒரு கோழி கூடத் திரும்பல. நான் செத்துட்டேனான்னு ஒரு நினைப்பு வந்தது பாருங்க, அந்தப் பயத்தை உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. நம்மைத் தவிர எல்லாம் நடந்துட்டே இருக்கு, நாம மட்டும் கம்பிக்கு இந்தப் பக்கம்.

கொஞ்ச நேரத்துல பெட்ரோல் வாசனை வந்தது. வண்டி கிட்ட போனேன், சூடு அடிக்குது. சும்மா நிக்கற வண்டி, எஞ்சின்ல கை வெச்சா தோல் உரிஞ்சிடும் போல. சீட்டைப் பார்க்கறேன், அடியில இருக்கற ஸ்பிரிங் அழுந்தி இருக்கு, யாரோ உக்காந்திருக்கற மாதிரி. நான் மூலையில போய் ஒட்டிக்கிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு பின்னால இருந்த கேரியரும் ஒரு தடவை அமுங்கி ஆடிச்சு, இன்னொரு ஆளு ஏறின மாதிரி. அப்படியே இருந்தது, அப்புறம் கேரியர் எழும்பிச்சு, சீட்டும் எழும்பிச்சு. எனக்கு ராஜம்மா ஞாபகம் மட்டும்தான். அவளுக்கு எட்டாவது மாசம். நான் இங்கேயே போய்ட்டா அவ என்ன பண்ணுவா?

மசூதியில சாயங்கால அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னாங்க. அது முடியறதுக்குள்ள கதவு தானா திறந்தது.

தடுமாறி வெளியே வந்து விழுந்தேன். முனியம்மா வீல்னு கத்திச்சு. பாய் ஓடி வந்து கிட்டக்க குனிஞ்சு மூஞ்சைப் பார்த்துட்டு, "இன்னா நீங்க? மத்தியானமே போய்ட்டீங்களே!"ன்னாரு.

"நான் எங்கேயும் போகல பாய். உள்ளேதான் இருந்தேன். கதவை யாரு தாழ்ப்பா போட்டது?"

"இந்தக் கதவுக்கு ஏதுங்க தாழ்ப்பா?"ன்னாரு. தடவிப் பார்த்தேன். வெளியவும் இல்ல, உள்ளயும் இல்ல.

பேப்பரைக் காட்டினாரு, என் கையெழுத்து. பணத்தை எடுத்துக் காட்டினாரு, என் பை. அப்புறம் குடோனுக்குள்ள போய் வண்டியைத் தொட்டுட்டு வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டாரு. "நான் குர்ஆன் மேல கை வெச்சு சொல்றேன், உங்க கையிலதான் சாவியைக் குடுத்தேன், நீங்கதான் ஓட்டிட்டுப் போனீங்க. தயவு பண்ணி இதை எடுத்துட்டுப் போய்டுங்க, பணம் வேணும்னாலும் திருப்பி வாங்கிக்கோங்க"ன்னாரு. சாவி வண்டியிலயே இருந்தது.

பணத்தை வாங்கல. ஏன்னு கேட்டா எனக்கே தெரியல, வீட்டுக்குப் போகணும், அவ்ளோதான். அந்த வண்டியிலயே உக்காந்து வந்தேன். வழி முழுக்க சாமி பேரு சொல்லிட்டே வந்தேன், சாமி கும்பிடாதவன்.

வீட்டு வாசல்ல அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க கூட்டம். என் கொழுந்தியா ஓடி வந்து, "இன்னா மாமா, பொண்ணு பொறந்திருக்கு, மூஞ்சைக் கூடப் பார்க்காம எங்கே போய்ட்டீங்க?"ன்னா. உள்ளே நர்ஸம்மா கை கழுவிட்டு இருந்தாங்க. மத்தியானம் திடீர்னு வலி எடுத்துடுச்சாம், குழந்தை குறுக்கே கிடந்ததாம், யாரைத் தேடி அனுப்பறதுன்னு எல்லாரும் பதறிட்டு இருக்கறப்போ நான் மோட்டார் சைக்கிள்ல நர்ஸம்மாவை ஏத்திட்டு வந்து இறக்கினேனாம். யாரும் எனக்குச் சொல்லி அனுப்பல. பாங்கு சொல்ற நேரத்துக்குக் குழந்தை பொறந்ததாம்.

ராஜம்மா படுத்தபடி என்னைப் பார்த்து சிரிச்சா. "இந்த வாட்டி நேரத்துக்கு வந்துட்டே"ன்னா. தலையை ஆட்டினேன்.

இருட்டறதுக்குள்ள வாணியம்பாடியில விட்டுடறேன்னு நர்ஸம்மாகிட்ட சொன்னேன். அவங்க ரெண்டு அடி பின்னால போனாங்க. "வேணாங்க, நான் காலைல ஜட்கா பார்த்துப் போய்க்கறேன்"னாங்க. அப்புறம் யாருக்கும் கேக்காம, "வர்றப்போ விழுந்துடக் கூடாதுன்னு உங்க இடுப்பைப் பிடிச்சுட்டு வந்தேன். இந்த வெயில்ல ஒரு மனுஷ உடம்பு அவ்ளோ சில்லுனு இருக்குமா? வழி முழுக்க நீங்க ஒரு தடவை கூட மூச்சு விடலைங்க"ன்னாங்க.

வண்டியை மூணு வருஷம் ஓட்டினேன், ஒண்ணும் ஆகல, நல்லா ஓடிச்சு. வேப்ப மரத்தடியில வெட்டவெளியிலதான் நிறுத்துவேன், மழை பெஞ்சாலும் கொட்டாய்க்குள்ள ஏத்த மாட்டேன். எம்பொண்ணுக்கு இப்போ கல்யாண வயசு. அன்னிக்கு வந்தது நான் இல்லைன்னு ராஜம்மாவுக்கு இது வரைக்கும் சொல்லல, எப்படிச் சொல்றது?

ஆனா ஒண்ணு. அன்னிக்கு நான் செருப்பைக் கழட்டிட்டு வீட்டுக்குள்ள போனேன்ல, வெளியே வந்து பார்த்தா வாசல்ல ரெண்டு ஜோடி. ஆம்பூர்ல ஆர்டர் குடுத்துத் தைச்ச என் செருப்பு, இடது வார் அறுந்து கறுப்பு நூல்ல நான் போட்ட தையலோட, அச்சு அசலா ரெண்டு ஜோடி. வந்தவன் வெறுங்காலோட போயிருக்கான். ஒரு ஜோடியைச் சாக்குல சுத்தி யாருக்கும் தெரியாம பரண் மேல போட்டேன். எரிக்கவும் பயம், தூக்கி எறியவும் பயம். என்னுது எப்பவோ தேஞ்சு, தூக்கிப் போட்டு, எத்தனையோ ஜோடி மாத்திட்டேன். பரண் மேல இருக்கறது அப்போ அடி அவ்வளவா தேயல, யாரும் தொட்டதில்ல. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். தேஞ்சுட்டே வருதுங்க. என் நடைக்குத் தேயற மாதிரியே, இடது குதிகால் வெளிப்பக்கமா. போன பொங்கலுக்கு எடுத்தப்போ அடித்தோல்ல ஒரு வேல முள்ளு குத்தி இருந்தது. ஒடிச்சுப் பார்த்தேன். பச்சை முள்ளு, இன்னும் காயல.