சைவ வீட்டு வாசலில் மீன்கூடை

சிதம்பரத்து விருத்தாம்பாளுக்குக் கோபம் வந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அறுபத்தாறாம் வருஷம் அந்தக் கோபம் போலீஸ் மேல் திரும்பியது.

புருஷன் ராஜமாணிக்கம் பத்திரிகை நிருபர். லாக்கப்பில் செத்த ஒருவனின் பிணத்தை ஜீப்பில் கொண்டுபோய்ப் பிச்சாவரம் உப்பங்கழி ஓரம் போட்டதை எழுதிவிட்டார். அவ்வளவுதான்! எதிர் டீக்கடையில் ஒரு சி.ஐ.டி. ஆள் குடியேறிவிட்டான். வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் பிரித்து ஒட்டியே வந்தது. சொன்னது யார் என்று தெரியணுமாம். கொன்றது யார் என்று ஒரு பாவியும் கேட்கவில்லை.

சொன்னவள் மீன்காரி அஞ்சம்மாள். பிணத்தைப் போட்டதைக் கண்ணால் பார்த்தவள். கூடையோடு போனால் எவனும் சந்தேகப்பட மாட்டான் என்று நினைத்துத்தான் நிருபர் வீட்டுக்கு வந்துபோனாள். பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளை ஊரைத் தாண்டி மீன் விற்றறியாதவள். மீன் வாங்காத தெருவும் உண்டென்று அவளுக்கு எப்படித் தெரியும்? ராஜமாணிக்கம் வீடு பரம்பரைச் சைவம்.

ராஜமாணிக்கத்தை விசாரணைக்கென்று கடலூருக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். சேதி கேட்டு அஞ்சம்மாள் பதறிக் கூடையோடு ஓடிவந்தாள். வாசலிலேயே சி.ஐ.டி. ஆள் கூடையைப் பிடித்துக்கொண்டான்.

"சைவ வூட்ல ஒனக்கு என்னாடி வேல? நட ஸ்டேஷனுக்கு!"

ஸ்டேஷனுக்குப் போனவன் கதிதான் ஊருக்கே தெரியுமே. விருத்தாம்பாளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"கைய எடுய்யா! நான்தான் அவள வரச் சொன்னேன். ஊருக்குத் தெரியாம மீன் திங்கறேன். மானத்த வாங்க வந்துட்டியா?"

"அப்படியா? என் எதிர்ல தின்னுங்க, பாப்போம்," என்று இளித்தான்.

அஞ்சம்மாள் கூடையிலிருந்த மீனை வறுத்துக் கொடுத்தாள். தன் அடுப்பிலிருந்து அந்த வாடை எழுந்ததுமே விருத்தாம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்தப் போய், அவன் பார்ப்பது தெரிந்து கையை இறக்கிக்கொண்டாள். முள் எடுக்கத் தெரியாது; எடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முள்ளோடு மென்று விழுங்கினாள். கண்ணில் நீர் வழிந்தது.

"காரம் ஜாஸ்திடி," என்று அஞ்சம்மாளைத் திட்டினாள்.

அவன் கூடையை விட்டான்.

இரண்டு நாள் கழித்து ராஜமாணிக்கம் வந்தார்.

"மீன் தின்னியாமே? தெருவே சொல்லுது."

"தின்னேன். நீங்க பேரச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப ஒக்காருங்க, சாப்புடலாம்."

வீங்கிய விரல்களோடு அவரால் சோற்றைப் பிசைய முடியவில்லை. விருத்தாம்பாள் பிசைந்து ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே, டீக்கடை வரைக்கும் கேட்கட்டும் என்று, அந்தப் படுபாவிகளை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள்.