விஜயதாஸ் நெஞ்சைக் கட்டிய நாள்

வெள்ளறடைப் பக்கம் ரப்பர் வெட்டும் விஜயதாஸுக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்கு அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் யாரும் முகத்தைச் சொல்வதில்லை, நெஞ்சைத்தான் சொல்வார்கள். பதினாலு வயதில் இரண்டு பக்கமும் பெண்பிள்ளைக்குப் போலத் திரண்டு வந்தது. வளர்ந்தால் போய்விடும் என்றார்கள். போகவில்லை. வயசு ஏற ஏற அதுவும் கூடவே இருந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் பையன்களின் கேலி என்று இன்றும் சிலர் சொல்வார்கள். அது பொய். அவருடைய அப்பா மரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார், வெட்டுக்கு ஆள் வேண்டும், அதனால் போனார். முதல் மூன்று வருடம் உள்ளே பனியன், மேலே சட்டை, அதற்கும் மேலே துண்டு என்று மூடிக்கொண்டுதான் வெட்டினார். ரப்பர் பால் பட்ட துணி உருப்படாது. கறை காய்ந்து தகரம் மாதிரி ஆகிவிடும். மூன்றாவது சட்டையும் நாசமான அன்று அம்மா, “இனி சட்டை கேட்டா தொலிய உரிப்பேன்” என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு வெட்டினார். கூட வெட்டியவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் அவர்களுக்கே சலித்துப்போனது. அவ்வளவுதான் நடந்தது. அதன்பிறகு அவர் அதை மூடவில்லை.

அதற்காக ஊர் வாயை மூடிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சாயாக் கடையில் ராஜன் என்று ஒருவன், அவனும் ரப்பர் வெட்டுதான், ஒரு நாள் எல்லோரும் கேட்கக் கேட்டான்:

“எலே விஜயதாஸே, பாலில்லாத்த கட்டன்சாய குடிச்சு மடுத்துப் போச்சு. கொஞ்சம் பால் கிட்டுமா?”

“கிட்டும் மக்கா. ஆனா குடிச்சா நீ எனக்க மகனாக்கும். பெறவு சொத்தில பாகம் கேட்டு வரப்பிடாது.”

கடை முழுக்கச் சிரித்தது. ராஜன்தான் ரொம்பச் சிரித்தான். அன்று முதல் இருவரும் நெருங்கின சிநேகிதர்கள்.

பெண் பார்க்கப் போனபோது யாரோ சரோஜத்தின் காதில் விஷயத்தைப் போட்டார்கள். அவள், “எனக்க தம்பிக்கு ஆறு வெரலு. அவன நாங்க தூரயா கொண்டு போட்டோம்?” என்று கேட்டாளாம். இரண்டு பெண் மக்கள் அவருக்கு. இரண்டும் அந்த நெஞ்சில் கிடந்து உறங்கித்தான் வளர்ந்தன. ஒருமுறை விலா எலும்பில் அடிபட்டு டாக்டரிடம் போனபோது அவர் நன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது நோய் ஒன்றும் இல்லை, ஆண்களில் பலருக்கு உண்டு, கட்டியோ வலியோ வந்தால் மட்டும் வந்து காட்டு, வேண்டுமானால் ஆபரேஷன் செய்து எடுக்கலாம் என்றார்.

“அது அங்க சும்மா இருக்கு சாரே. நான் எதுக்கு அத உபத்திரவிக்கணும்?” என்று சொல்லிவிட்டு விலாவுக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்படிப்பட்ட ஆள்தான் ஒரே ஒரு நாள் நெஞ்சைக் கட்டினார். அந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு-கேரள எல்லைக்குப் பக்கத்தில் ஒரு அம்மன் கோவிலில் மீன மாதம், அதாவது பங்குனியில், தூக்கம் என்று ஒரு நேர்ச்சை நடக்கும். பிள்ளை இல்லாமல் கிடந்தவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் ஒரு வயதுக்குள் கொண்டுவந்து தூக்கத்துக்குக் கொடுப்பதாக நேர்ந்திருப்பார்கள். ரதம் போல ஒரு வண்டி, அதன்மேல் தென்னை உயரத்துக்கு ஏறி இறங்கும் நீண்ட மரவில். வில்லின் நுனியில் தூக்கக்காரர்களை இடுப்பில் கச்சை கட்டி, முகம் கீழே பார்க்கத் தொங்கவிடுவார்கள். அவர்கள் கையில் பிள்ளையைக் கொடுப்பார்கள். வில் மேலே ஏறும். வண்டியைக் கோவிலைச் சுற்றி ஒரு வலம் இழுப்பார்கள். எந்தப் பிள்ளை யார் கைக்கு என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். விழுந்த சீட்டை மாற்றுகிற வழக்கம் கிடையாது. அது அம்மன் சொன்னது.

விஜயதாஸ் பன்னிரண்டு வருடமாகத் தூக்கக்காரர். எட்டு நாள் விரதம் இருந்து, திறந்த மேலோடு, உடம்பெல்லாம் எண்ணெயும் சந்தனமும் பூசிக்கொண்டு தொங்குவார். ஒரு பிள்ளையும் அவர் கையில் பயந்து அழுதது இல்லை.

போன வருடம்தான் வினை வந்தது. அவர் கையில் இருந்த ஒரு பிள்ளை மேலே போகும்போது தலையைத் திருப்பி அவர் நெஞ்சில் வாய் வைத்துத் தேடியது. கீழே நின்ற எவனோ அதைப் போனில் பிடித்து, ஒரு சிரிப்புப் பாட்டையும் சேர்த்து வாட்ஸாப்பில் விட்டான். அமரவிளையிலிருந்து பாறசாலை வரை எல்லாப் போனிலும் அது ஓடியது. மூத்த மகள் அழுதுகொண்டே கொண்டுவந்து காட்டினாள். விஜயதாஸ் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

“கொச்சுக்குப் பசிச்சிருக்கும்” என்றார். அவரைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது.

இந்த வருடம் அவருக்கு விழுந்த சீட்டு தனுவச்சபுரத்து அஜினுடைய பெண் குழந்தை. ஐந்து மாதம். அஜினுக்கும் ஆதிராவுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தது. அஜின் துபாயில் ஏசி மெக்கானிக், தூக்கத்துக்காகவே லீவு போட்டு வந்திருந்தான். சீட்டில் பேரைப் பார்த்ததும் அவனுடைய அம்மா சுகுமாரி அங்கேயே ஒப்பாரி வைக்காத குறையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். ஆண் தூக்க வேண்டிய நேர்ச்சை, ஆணுக்கு இப்படி இருந்தால் அது ஆண் தூக்கியதாகுமா, குறை வந்தால் யார் பொறுப்பு என்று.

தூக்கத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கமிட்டி செயலாளர் கனகதாஸ் அஜினையும் ஆதிராவையும் கூட்டிக்கொண்டு விரதக்காரர்கள் தங்கும் கொட்டகைக்கு வந்தார்.

“விஜயதாஸே, சீட்ட மாத்த முடியாது, உமக்குத் தெரியும். இவன் ஒரு காரியம் சொல்லுகான். கேளும்.”

அஜின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “மாமா, ஒண்ணும் நினைக்கப்பிடாது. நெஞ்ச ஒரு துணியால கட்டிட்டு ஏறினா போதும். போன வருஷ வீடியோவ எனக்க ரூமில உள்ளவனுவ எல்லாம் பாத்துட்டானுவ. எனக்க கொச்சையும் அப்படிக் காட்டிச் சிரிப்பானுவ.”

“சிரிக்கட்டு. கொச்சுக்கு என்ன குறையும்?”

“எனக்குக் குறையும்.”

“அப்ப நீ கட்டு மக்கா, உனக்க கண்ண” என்றார் விஜயதாஸ். “பன்னெண்டு வருஷம் அம்மைக்க முன்னால தொறந்த மேலோட தொங்கினவனாக்கும் நான். அவளுக்கு இல்லாத்த வெக்கம் உனக்கு என்னத்துக்கு?”

அஜின் முகம் கறுத்துப்போனது. “அப்படின்னா கொச்ச நான் கொண்டு போறேன். தூக்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான். கனகதாஸ் பின்னாலேயே ஓடினார்.

ஆதிரா மட்டும் போகவில்லை. பிள்ளை அவள் தோளில் உறங்கிக்கொண்டிருந்தது.

“மாமா, எனக்கு உங்க நெஞ்சில ஒரு சங்கடமும் இல்ல. ஆனா அவரு சொன்னா செய்வாரு. லீவு தீந்தா பெறவு ரெண்டு வருஷம் களிஞ்சுதான் வருவாரு. கொச்சுக்கு வயசு தாண்டீரும். ஒம்பது வருஷம் நான் இந்த நடையில வந்து விழுந்து கேட்டது மாமா. குடுத்தவகிட்ட வாக்கு மாற எனக்குப் பயமாக்கும். ஒரே ஒரு வலம். எனக்காக.”

விஜயதாஸ் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. தன் மூத்த மகளுக்கும் ஆதிராவுக்கும் ஒரே வயதுதான் இருக்கும் என்று தோன்றியது.

“செரி மக்கா. கட்டுகேன். போ” என்றார்.

மறுநாள் காலையில் அதைக் கட்டியது ராஜன். அவனும் அந்த வருடம் தூக்கக்காரன். கமிட்டி கொடுத்த சிவப்புப் பட்டுத்துணி நாலு முழம். நெஞ்சு கட்டுவது எப்படி என்று இருவருக்குமே தெரியாது. ஒரு பெண்ணிடம் கேட்டிருந்தால் ஊசி குத்தச் சொல்லியிருப்பாள், முடிச்சை முதுகுப் பக்கம் போடச் சொல்லியிருப்பாள். விரதக் கொட்டகைக்குள் பெண்கள் வரக் கூடாது, போய்க் கேட்கவும் இருவருக்கும் கூச்சம். அதனால் காலமெல்லாம் இடுப்பில் வேட்டி உடுத்துகிற பழக்கத்தில் அதே மாதிரி சுற்றி, முன்பக்கம் நுனியை உள்ளே செருகினான் ராஜன். இடுப்பில் எலும்பு உண்டு, துணி நிற்கும். எண்ணெயும் சந்தனமும் பூசிய நெஞ்சில் எது நிற்கும்?

“எறுக்கம் போதுமா அண்ணே?”

“மூச்சு முட்டுது டே. போதும்.”

வில் ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை அவர் இரண்டு கைக்குள்ளும் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தது. செண்டையும் குரவையும் வெடியுமாகக் கீழே ஆயிரக்கணக்கில் ஜனம். வண்டி அசைந்து வடக்குப் பக்கம் திரும்பும்போது நெஞ்சில் கட்டு இளகுவது அவருக்குத் தெரிந்தது. குனிந்து பார்ப்பதற்குள் செருகின நுனி அவிழ்ந்து, முழுத் துணியும் அவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் சரிந்து, பிள்ளையின் முகத்தின் மேல் விழுந்தது. வியர்வையிலும் எண்ணெயிலும் நனைந்த பட்டு. முகத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு கையை எடுத்தால் பிள்ளை நழுவும். இரண்டு கையும் அதன் உடம்பைச் சுற்றி இருந்தன. “எறக்கு! எறக்குங்கடே!” என்று கத்தினார். கீழே இருந்தவர்கள் அவர் அம்மனைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கைகூப்பினார்கள், குரவை இன்னும் கூடியது. பக்கத்தில் தொங்கிய ராஜன் பார்த்துவிட்டு அவனும் கத்தினான். அவன் கையிலும் ஒரு பிள்ளை.

விஜயதாஸ் கழுத்தை வளைத்துப் பல்லால் துணியைக் கடித்து இழுத்தார். ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று பிள்ளையின் கழுத்தடியில் மாட்டியிருந்தது. கடித்தார், விட்டார், மறுபடி கடித்தார். பிள்ளை முதலில் காலை உதைத்தது. பிறகு உதைக்கவில்லை. தெற்கு நடை தாண்டும்போதுதான் முகம் முழுக்கத் துணியிலிருந்து வெளியே வந்தது. உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. வில் இறங்குவதற்குள் அவர் அதன் மூக்கில் ஊதினார், ஊதினார், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஊதினார்.

கீழே கூட்டத்தில் விமலகுமாரி என்று ஒரு நர்ஸ் நின்றது பிள்ளையின் நல்ல நேரம். பிடுங்கி மண்ணில் கிடத்தி இரண்டு விரலால் நெஞ்சை அமுக்கி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு முனகல் வந்தது. பிறகு அழுகை. சுகுமாரி பிள்ளையை வாரிக்கொண்டு விஜயதாஸைப் பார்த்து, “ஒனக்க அந்தச் சனியன் பிடிச்ச நெஞ்சு!” என்று கத்தினாள். ஆதிரா பிள்ளையை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் பக்கம் ஓடினாள். காருக்குள் ஏறும்போது அவள் காலில் செருப்பு இல்லை.

பிள்ளை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தது. விஜயதாஸ் பஸ் ஏறித் தனுவச்சபுரம் போனார். அஜின் கேட்டைத் திறக்கவில்லை.

“உயிருக்கு ஒண்ணும் இல்ல. தலைக்குள்ள வல்லதும் கேடு உண்டா எண்ணு இப்ப சொல்ல முடியாதாம். உக்காருதா, தவழுதா எண்ணு பாத்துத்தான் தெரியுமாம். நீங்க போங்க.”

“எனக்க தப்பு மக்கா. நான் கட்டியிருக்கப்பிடாது.”

அஜின் உள்ளே போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. கனகதாஸ் மினிட்ஸ் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார். தூக்கக்காரர் பட்டியலிலிருந்து விஜயதாஸ் உடல்வாகு சரியில்லாத காரணத்தால் நீக்கப்படுகிறார் என்று எழுதி, ஒப்பு போட இடம் விட்டிருந்தது.

விஜயதாஸ் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்தார்.

“என்னைய நீக்குங்க. நீக்கணும். கெட்டாத்தத கெட்டி ஒரு கொச்சுக்க மூச்ச நிறுத்தினேன். அத எழுதுங்க, ஒப்பு போடுகேன்.”

“அப்படி எழுதினா கெட்டச் சொன்னது ஆரு எண்ணு கேப்பாங்க ஓய்” என்றார் கனகதாஸ் குரலைத் தாழ்த்தி. “அந்தப் பையனும் மாட்டுவான், கமிட்டியும் மாட்டும். இதில என்ன? உமக்க ஒடம்பு அப்படித்தானே? புதுசா ஒண்ணும் எழுதலியே?”

“இந்த ஒடம்பில பன்னெண்டு கொச்சு ஏறி எறங்கியிருக்கு. ஒண்ணுக்கும் ஒண்ணும் வரல. வந்தது துணியால. அடுத்த வருஷம் இன்னொருத்தன் வந்து இன்னொருத்தன கெட்டச் சொல்லுவான். அப்ப இந்தப் பொஸ்தகத்தில என்ன இருக்கும்? எனக்க நெஞ்சுதான் இருக்கும். துணி இருக்காது.”

ராஜன் பின்பெஞ்சிலிருந்து எழுந்து, “கெட்டினது நானாக்கும், எனக்க பேரையும் எழுதுங்க” என்றான். அவனை உட்காரச் சொன்னார்கள். விஜயதாஸ் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். ஒப்பு இல்லாமலே நீக்கிக்கொள்கிறோம் என்றார் கனகதாஸ். அவர்களால் அது முடியும், முடித்தும்விட்டார்கள். மினிட்ஸில் உடல்வாகு என்றுதான் இன்றும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது சரோஜம் கப்பைக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒப்பு போட்டீங்களா?”

“இல்ல.”

கத்தியை வைத்துவிட்டு, “கொச்சு?” என்றாள்.

“உக்காருதா எண்ணு பாக்கணுமாம்.”

“நம்ம மூத்தவ ஏளாம் மாசம் உக்காந்தா” என்றாள் சரோஜம். பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதமும் இருபது நாளும்.