ஒயரைப் பிடித்த கை

ஆபீசில் எனக்குப் பெயர் பச்சை லைட். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பதில்லை. கேபிள் வழியாக வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, "மோடத்துல பச்சை லைட் எரியுதா சார்? நிக்குதா, சிமிட்டுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

இந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். போன் செய்கிறவர் பொய் சொல்வார். "மோடத்தை அணைச்சுப் போட்டீங்களா?" என்றால், "போட்டேனே!" என்பார். போட்டிருக்க மாட்டார். "பின்னாடி குட்டி ஓட்டை இருக்கே, அதுல எதையாவது விட்டுக் குத்தினீங்களா?" என்றால், "சேச்சே!" என்பார். குத்தியிருப்பார். குத்தினால் மோடம் பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். வைஃபை பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் நான் கோபப்பட மாட்டேன். குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "பரவாயில்லைங்க, மறுபடி ஒரு தடவை பார்க்கலாம்" என்பேன். அந்தத் தேன் குரலைத்தான் கம்பெனி பதிவுசெய்து, வரிசையில் காத்திருப்பவர்கள் காதில் ஊற்றுகிறது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்பது அடியேன்தான். அதற்குத் திட்டு வாங்குவதும் அடியேன்தான்.

என் மனைவி ஒரு மருந்துக் கிடங்கில் சரக்கு பார்த்துக்கொண்டிருந்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி தேடினாள். "நடுவுல இவ்வளவு வருஷம் சும்மா இருந்திருக்கீங்களே" என்று போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். வீட்டில் சும்மா இருப்பது எப்படி என்று அவர்கள் ஒருநாள் வந்து பார்த்திருக்கலாம். கடைசியில் ஒரு பெரிய கிடங்கிலிருந்து, பொறுப்பாளர் வேலைக்கு வீடியோவில் நேர்காணல் என்று கூப்பிட்டார்கள். காலை பதினோரு மணிக்கு.

"இதுவும் கை நழுவிப் போச்சுன்னா, நான் இனிமே தேட மாட்டேங்க" என்றாள். பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். "நெட்டு மட்டும் நடுவுல போகாம பார்த்துக்கங்க. அது போதும்."

"யார்கிட்ட சொல்ற? நான் யாரு?" என்றேன். அந்தக் கேள்விக்கு அவள் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம்.

லீவு போட்டேன். முந்தின நாளே ஏற்பாடுகளில் இறங்கினேன். ஏற்பாடு செய்ய ஒன்றுமே இல்லை என்பதுதான் கொடுமை. எங்கள் மோடம் வாசலை ஒட்டிய செருப்பு அலமாரியின் மேல், பாவம், தானுண்டு தன் வேலையுண்டு என்று கிடந்தது. அது நழுவி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை அடியில் போட்டு அலமாரியோடு அமுக்கி ஒட்டினேன். அடுத்து, அவள் ஹாலில் பேசும்போது நான் குறுக்கும் நெடுக்கும் நடந்து தொந்தரவு செய்யக் கூடாதே என்கிற நல்லெண்ணத்தில், படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய டிவிக்கு ஒரு கேபிள் இழுத்தேன். அதாவது, மேட்ச் பார்ப்பதற்கு. ஒரே லைனை இரண்டாகப் பிரிக்க, டிராயரில் கிடந்த பழைய ஸ்ப்ளிட்டரை மோடத்துக்கு வரும் கேபிளின் நடுவில் மாட்டினேன். ஸ்ப்ளிட்டர் சிக்னலில் பாதியை முழுங்கிவிடும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவன் நான். என் வீட்டு ஸ்ப்ளிட்டர் அப்படியெல்லாம் செய்யாது என்று எனக்கு எப்படியோ ஒரு நம்பிக்கை.

காலையில் அவள் நல்ல உடுப்பு உடுத்தி, ஹாலில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். நெட் இல்லை. பச்சை லைட் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. அணைச்சுப் போட்டா சரியாயிடும்."

அணைத்துப் போட்டேன். கண்ணடித்தது. மறுபடி போட்டேன். மறுபடி கண்ணடித்தது. நேரம் ஓட ஓட எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கை தானாக ஒரு ஊக்கைத் தேடி எடுத்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, அந்தக் குட்டி ஓட்டையில் குத்தினேன்.

எங்கள் வீட்டுக்குள் மொபைல் சிக்னல் எட்டிப் பார்க்காது. சமையலறை ஜன்னல் வழியாக அரை உடம்பை வெளியே நீட்டினால் பேச மட்டும் முடியும். நீட்டினேன். என் ஆபீசுக்கே போன் போட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றேன் நான். ஐயோ, இப்படியொரு அசட்டுக் குரலா எனக்கு! "எடுத்துத் தொலைடா" என்று என்னை நானே திட்டினேன்.

எடுத்தது எங்கள் டீம் லீடர் அக்கா. நம்பரைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"என்ன பச்சை லைட், லீவு போட்டுட்டு எங்களுக்கு வேலை வைக்கிறியா? சரி சொல்லு. நிக்குதா, சிமிட்டுதா?"

"ஏம்மா, நிக்குதா, சிமிட்டுதா?" என்று வீட்டுக்குள் கத்தினேன்.

"சிமிட்டுது!"

"சிமிட்டுதாம்க்கா."

"ஓட்டையில குத்தினியா?"

"சேச்சே!"

சத்தியமாக, அது நான் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது.

"உன் லைன்ல சிக்னல் பாதாளத்துல கிடக்குது, இங்க தெரியுது. நேத்து காலையில நல்லாத்தான் இருந்திருக்கு. நடுவுல ஸ்ப்ளிட்டர் எதையாவது மாட்டினியா?"

"ஸ்ப்ளிட்டரா? நம்ம வீட்லயா? என்னக்கா, என்னைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேக்கறீங்க?"

செருப்பு அலமாரிப் பக்கமிருந்து மனைவியின் குரல் வந்தது. "அப்ப இது என்னங்க?"

அக்காவுக்கும் கேட்டுவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, "பரவாயில்லைங்க, மறுபடி ஒரு தடவை பார்க்கலாம்" என்றார், அச்சு அசல் என் தேன் குரலில்.

ஓடி வந்து ஸ்ப்ளிட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கேபிளை நேராக மோடத்தில் முறுக்கினேன். லைட் சிமிட்டாமல் நின்று எரிந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள், "வைஃபை வேற பேர்ல வருது, பாஸ்வேர்ட் தப்புங்குதுங்க" என்றாள். ஊக்கு செய்த வேலை. புது பாஸ்வேர்ட் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அடியிலோ என் டேப். பிடித்து இழுத்தேன். அலமாரி வந்தது, மோடம் வரவில்லை.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "விடுங்க. எனக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இரு, இரு, இரு" என்று பழைய ஒயர் பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். மோடத்திலிருந்து நேராக லேப்டாப்புக்குப் போகிற ஒயர் ஒன்று கிடைத்தது. முழ நீளம்தான். மோடத்தில் சொருகும் முனையில் க்ளிப் உடைந்திருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தால் நெட் வரும், விட்டால் போய்விடும்.

அப்படியாக, பெரிய கிடங்கின் பொறுப்பாளர் பதவிக்கான நேர்காணல் எங்கள் செருப்பு அலமாரியில் நடந்தது. லேப்டாப் அதன் மேலே. எதிரே நாற்காலியில் அவள். கீழே, செருப்புகளுக்கு நடுவில், கேமராவுக்குத் தெரியாமல், ஒரு கையை மட்டும் தூக்கி ஒயரை அழுத்திக்கொண்டு நான்.

ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும் கேள்வி கேட்டார்கள். அவள் நிதானமாகப் பேசினாள். பழைய கிடங்கில் ஒருநாள் குளிர் அறை நின்றுபோனதாம். இவள் எதிரே இருந்த பூக்கடைக்காரரிடம் கெஞ்சி, அவருடைய குளிர் அறையில் பாதியைக் காலி செய்ய வைத்து, ஒரு குப்பிகூடக் கெடாமல் மருந்தையெல்லாம் காப்பாற்றினாளாம். எனக்கு இது தெரியவே தெரியாது. கேட்கிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். இதைக் கேட்க எனக்கு க்ளிப் உடைய வேண்டியிருந்தது.

திடீரென்று அந்த அம்மா கேட்டார். "பக்கத்துல யாராவது இருக்காங்களா? அடிக்கடி கீழ பார்க்கறீங்களே?"

பதில் எடுத்துக் கொடுக்க ஆள் வைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். இல்லையென்று சொல், இல்லையென்று சொல் என்று கீழேயிருந்து தலையை ஆட்டினேன்.

"இருக்கார் மேடம். என் வீட்டுக்காரர். ஒயர்ல க்ளிப் உடைஞ்சிடுச்சு, கீழ உக்காந்து பிடிச்சுக்கிட்டிருக்கார். கையை எடுத்தா நெட் போயிடும்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். "எடுத்துட்டார்னா என்ன பண்ணுவீங்க?" என்றார் அந்த ஐயா.

"எடுக்க மாட்டார்" என்றாள். என் பக்கம் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஒயரை இன்னும் அழுத்திப் பிடித்தேன். காலையிலிருந்து நான் செய்த அத்தனை கூத்தையும் பார்த்தவள் சொல்கிற பேச்சா அது?

"அடுத்த வாரம் நேர்ல வாங்க. எப்ப சேரலாம்னு பேசிடலாம்" என்றார் அந்த ஐயா. "ஒயர் பிடிக்கிறவரைக் கூட்டிட்டு வர வேண்டாம்."

திரை அணைந்தது. "முடிஞ்சிடுச்சுங்க, கையை எடுங்க" என்றாள். எடுக்கப் பார்த்தேன், வரவில்லை, மரத்துப்போயிருந்தது. அவள் செருப்புகளைத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.