நிற்கிற மரத்தில் நைனா போட்ட குறி

அந்த மரத்தைக் கட்டிப் பிடிக்க நைனாவுக்கும் எனக்கும் கைகள் போதவில்லை. மறுபக்கத்தில் எங்கள் விரல்கள் தொட்டுக்கொள்ளவே இல்லை. நைனா, ராயபுரத்துக்காரரான என் தகப்பனார், துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மரங்களுக்கு நடுவே இருபது வருஷம் கழித்தவர். அவர் பார்த்ததெல்லாம் படுத்துக் கிடக்கும் மரங்கள்தாம். "இது நின்னுகினு கீதேடா!" என்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். கோடரி படாத காடு அது. சர்க்கார் காவலில் இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தக் காட்டின் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஆசை மிகுதியில், அனுமதி கேட்காமலே நைனாவை அழைத்துப் போயிருந்தேன்.

ஓடையில் தண்ணீர் பிடித்துத் திரும்பினால், மனிதர் அடிமரத்தைத் தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, மடியிலிருந்த சுண்ணக்கட்டியால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். துறைமுகத்தில் அதற்கு, உள்ளே பொந்தில்லை, நல்ல மரம் என்று பொருள். காட்டிலோ குறி விழுந்த மரம் வெட்டுக்குப் போகிற மரம். "ஐயோ நைனா, இன்னா பண்ணிட்ட!" என்று நான் துடைக்கப் போவதற்குள், ரோந்து வந்த ரேஞ்சர் எதிரே நின்றார்.

"எந்தக் கான்டிராக்டர் ஆளுய்யா நீ? மரம் திருட அடையாளமா?" என்று நைனாவைக் கேட்டார்.

நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"நாந்தான் போட்டேன் தொர. ஆர்பர்ல மரத்துக்கு மார்க் போடற கை, தானா போட்ருச்சு. இந்தப் புள்ள யாருன்னே எனக்குத் தெர்யாது. வழில பாத்தேன்."

சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. என் வேலைக்காக, பெற்ற பிள்ளையையே தெரியாது என்கிறார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"எங்க நைனா, ஐயா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

"படிச்சவனாடா நீ? வாய மூடிகினு இருக்கத் தெர்ல?" என்று நைனா என்மேல் பாய்ந்தார். ரேஞ்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் ஒன்றுபோல இருந்ததோ என்னவோ, "முதல்ல அதைத் துடைங்க. நடந்ததை எழுதிக் குடு" என்று மட்டும் சொன்னார்.

எழுதிக் கொடுத்தேன். வேலை உறுதியாவது ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. அந்தக் காகிதம் இன்றும் என் கோப்பில் இருக்கிறது. புதிதாக வருகிற அதிகாரி ஒவ்வொருவரும் அதைப் படிக்கிறார். படிக்கட்டும். நான் யாருடைய பிள்ளை என்று அதில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.